உருவமில்லாத படம்: வண்ணவெளி ஓவியத்துக்கு ஓர் அறிமுகம்

பேருந்து பாம்பன் பாலத்தில் ஏறியதும் உள்ளே பேச்சு குறைந்துவிடும். இராமேஸ்வரத்துக்கு முதல்முறை வருபவர்கள் மட்டுமில்லை, வாரம் இரண்டு தடவை போய்வரும் எங்களைப் போன்றவர்களும் சன்னல் பக்கம் திரும்பிவிடுவோம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஒன்று பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், மற்றது குமுறும். படகோ பறவையோ கண்ணில் படாத நேரத்திலும் ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அப்போது தெரிவது என்ன? பச்சை கலந்த நீலம் ஒரு பட்டை, அதன் மேல் வெளிறிய வானம் ஒரு பட்டை, இரண்டும் சேரும் இடத்தில் தெளிவில்லாத ஒரு கோடு. அவ்வளவுதான். "இதில் என்ன இருக்கிறது?" என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு படம் மாட்டியிருக்கிறேன். மேலே இரும்புத் துருவின் நிறத்தில் ஒரு பட்டை, நடுவே நீலம், கீழே இருண்ட இன்னொரு பட்டை, சுற்றிலும் ஓரமெல்லாம் நீலம். அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ 1953இல் வரைந்த ஓவியத்தின் பிரிண்ட் அது. 'எண் 61' என்று பெயர். 'துருவும் நீலமும்' என்றும் சொல்வார்கள். மூல ஓவியம் லாஸ் ஏஞ்சலிஸில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடலைப் பார்த்துக் கேட்காத அந்தக் கேள்வியை இந்தப் படத்தின் முன்னால் எல்லோரும் கேட்டுவிடுகிறார்கள். இராமநாதபுரத்திலிருந்து வந்த அத்தை வாசற்படி ஏறியதுமே கேட்டார்: "ஏம்ப்பா, இதுல என்ன படம் இருக்கு? வெறும் கலராத்தானே இருக்கு?"

நியாயமான கேள்வி. அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எனக்குச் சில வருடங்கள் ஆயின. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அதோடு, இப்படிப்பட்ட படத்தை உப்புக்காற்று அடிக்கிற வீட்டில் எப்படி மாட்டி வைப்பது என்பதையும் சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு விஷயம் போலத் தோன்றும். மாட்டிப் பார்த்தால் ஒன்றுதான் என்று தெரியும்.

கதையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது

இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒருமுறை போய்வாருங்கள். சேதுபதிகள் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் தீட்டிய சுவரோவியங்கள் அங்கே இருக்கின்றன. இராமாயணக் காட்சிகள், பாகவதக் காட்சிகள், மராட்டியரோடு நடந்த போர், மன்னரைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள் என்று சுவரெல்லாம் கதை. அந்தப் படங்களில் செங்காவிச் சிவப்பு நிறையத் தெரியும். ஆனால் நாம் சிவப்பைப் பார்க்க அங்கே போவதில்லை. யார் யானைமேல் இருக்கிறார், யார் அம்பு விடுகிறார் என்று பார்க்கிறோம். நிறம் அங்கே கதைக்கு ஊழியம் செய்கிறது.

இப்போது மனதுக்குள் ஒரு வேலை செய்து பாருங்கள். அந்தச் சுவரிலிருந்து முதலில் யானையை எடுத்துவிடுங்கள். பிறகு வீரர்களை. பிறகு மரம், மண்டபம், எழுத்து எல்லாவற்றையும். கடைசியில் சிவப்பு மட்டும் மிஞ்சும். ஓர் ஆள் உயரத்துக்கு, சில சமயம் அதைவிட அதிக உயரத்துக்கு, அந்தச் சிவப்பு மட்டும் உங்கள் முன்னால் நின்றால் உங்களுக்குள் என்ன நடக்கும்? அதைக் கேட்டுப் பார்த்தவர்கள் வரைந்ததுதான் வண்ணவெளி ஓவியம். ஆங்கிலப் பெயரைக் கலர் ஃபீல்டு பெயிண்டிங் என்பார்கள். வயல் போல, வெளி போல, பரந்து கிடக்கும் நிறம் என்று பொருள்.

இது 1940களின் கடைசியில் நியூயார்க்கில் உருவானது. இரண்டாம் உலகப்போர் முடிந்திருந்த நேரம். அங்கே ஒரு பிரிவு ஓவியர்கள் சாயத்தைத் தெளித்தும் சொட்டவிட்டும் கையின் வேகத்தைத் துணியில் பதித்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பிரிவினர் அந்த வேகத்தையும் வேண்டாம் என்று விட்டு, பெரிய பரப்பில் அமைதியாக நிறத்தை நிரப்பினார்கள். ராத்கோ, பார்னெட் நியூமன், கிளிஃபர்ட் ஸ்டில் மூவரும் இவர்களில் முக்கியமானவர்கள். க்ளெமென்ட் கிரீன்பெர்க் என்ற விமர்சகர் இந்தப் போக்கைத் தொடர்ந்து ஆதரித்து எழுதினார். வரலாற்றில் இவ்வளவு தெரிந்தால் தொடங்குவதற்குப் போதும்.

நியூமனின் முறை மிக எளிமையானது. 1948இல் சிறிய துணி ஒன்றில் அடர்ந்த செம்பழுப்பைப் பூசி, நடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு பளிச்சென்ற சிவப்புக் கோடு இட்டார். அந்தக் கோட்டை 'ஜிப்' என்று பிறகு அழைத்தார். கோடு படத்தை இரண்டாகப் பிரிக்கிறதா, இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறதா என்று பார்ப்பவர் தடுமாறுவார். சில வருடங்களிலேயே 8 அடி உயரம், ஏறக்குறைய 18 அடி நீளத்தில் ஒரே சிவப்பாக ஒரு படம் வரைந்தார். அவ்வளவு பெரிய படத்தைத் தூரத்தில் நின்று பார்க்க வேண்டாம், கிட்டே வந்து பாருங்கள் என்று 1951 கண்காட்சியில் குறிப்பு எழுதி வைத்தார். கிட்டே போனால் ஓரங்கள் மறைந்துவிடும். சிவப்பைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குள் இருக்காது. கழுத்தளவு தண்ணீரில் கடலைப் பார்த்து நிற்பவருக்குக் கரை தெரியாது என்பது கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை.

ராத்கோ இன்றைய லாத்வியா நாட்டில் 1903இல் பிறந்து, 1913இல் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். 1950 வாக்கில் தனக்கென ஒரு வடிவத்தைக் கண்டுபிடித்தார்: நிமிர்ந்த துணியில் இரண்டு மூன்று நீள்சதுரங்கள், ஓரம் கரைந்து மங்கியபடி. சாயத்தை நன்றாக நீர்க்க வைத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சு பூசினார். அதனால் அடியிலிருக்கும் நிறம் மேல்நிறத்தின் வழியாகக் கசிந்து தெரியும். பெண் கடலில் ஆழம் குறைந்த இடத்தில் மணலும் கடல்பாசியும் தண்ணீர் வழியாகத் தெரியுமே, அதுபோல. தன்னை நிறக் கலைஞன் என்று யாராவது சொன்னால் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். மனிதனின் அடிப்படை உணர்ச்சிகளான துயரம், பரவசம், அழிவு பற்றிய அச்சம் ஆகியவையே தன் பொருள் என்று சொன்னவர். நிறம் அவருக்கு அங்கே போய்ச்சேரும் வழி.

அத்தைக்கு நான் சொன்ன பதிலில் முதல் பாதி இதுதான். "படத்துல கதை இல்ல அத்தை. கதை கேட்டா மனசு என்ன ஆகுமோ, அத நிறத்தாலயே செய்யப் பாக்குறார்." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது.

நிறம் சும்மா இருப்பதில்லை

இரண்டாவது பாதியைச் சொல்ல அவருக்குப் பழகிய உதாரணம் கிடைத்தது. புடவைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி எடுக்கப் போகிறோம். கடையின் டியூப்லைட்டில் இரண்டும் அச்சாகப் பொருந்துகின்றன. கடைக்காரரே, "வெளியில வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு எடுங்கம்மா" என்பார். வாசலில் வெயிலில் பிடித்தால் ஒன்று சற்றுச் சிவந்து தெரியும். துணி மாறவில்லை, சாயம் மாறவில்லை. வெளிச்சம் மாறியது, அதனால் நிறம் மாறியது.

பக்கத்தில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும். பாரிஸில் திரைச்சீலை நெய்யும் கோபெலான் ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் மிஷெல் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்பு நூல் கறுப்பாகவே இல்லை, சாயம் சரியில்லை என்று நெசவுக்காரர்கள் குறை சொன்னார்கள். அவர் ஆராய்ந்து பார்த்ததில் சாயத்தில் பழுதில்லை. கறுப்பு நூலுக்குப் பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும் அதன் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டின. 1839இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். ஒரே சாம்பல் நிறத் துணித் துண்டை மஞ்சள்மீது ஒன்று, ஊதாமீது ஒன்று வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு துணி என்று சொல்வீர்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. பொழுது சாயும்போது கொல்லையில் செம்பருத்திச் செடியைக் கவனியுங்கள். பகலில் பூதான் முதலில் கண்ணைப் பிடிக்கும். இருட்ட இருட்டச் சிவப்பு கறுத்து அடங்கிவிடும். இலைகள் அதைவிட வெளிச்சமாக நிற்கும். வெளிச்சம் குறையும்போது நம் கண் சிவப்புப் பக்கத்தை விட்டு நீல, பச்சைப் பக்கத்துக்கு நகர்வதால் இப்படி ஆகிறது. புர்க்கின்யே என்ற செக் நாட்டு அறிவியலாளர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்துச் சொன்னார். எங்கள் வீட்டுப் படத்தில் துருப்பட்டையும் நீலப்பட்டையும் இருக்கின்றன அல்லவா? மாலை ஆறு மணிக்கு விளக்குப் போடாமல் உட்கார்ந்தால் துரு மெல்லக் கறுத்து உள்ளே போகும், நடுவில் இருக்கும் நீலம் முன்னே வரும். நான் தினமும் பார்க்கிறேன். ஒரு நாளும் அலுக்கவில்லை.

ஆக, 'வெறும் கலர்' என்று ஒன்று கிடையாது. நிறம் என்பது சாயம், வெளிச்சம், பக்கத்து நிறம், கண் நான்கும் சேர்ந்து நடத்தும் காரியம். வண்ணவெளி ஓவியர்கள் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இந்தக் காரியம் நடப்பதை மட்டும் நமக்குக் காட்டுகிறார்கள். அதைப் பார்க்க நேரம் வேண்டும். அரை நிமிடத்தில் கடந்து போனால் பட்டைகள்தான் தெரியும்.

கடலுக்குப் போகிறவர்கள் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் காற்றையும் ஆழத்தையும் சொல்வார்கள். அவர்கள் நிறத்தில் ஒரு செய்தியைத் தேடுகிறார்கள். ஓவியத்தின் முன் செய்தி தேட வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் பார்க்கிற அந்தப் பொறுமை அப்படியே வேண்டும்.

நம் நாட்டில் இந்த வழியில் போனவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் வி.எஸ். காய்தொண்டே. 1924இல் நாக்பூரில் பிறந்தவர், 2001இல் மறைந்தார். ரோலரும் சாயம் வழிக்கும் கத்தியும் கொண்டு பூசுவதும் எடுப்பதுமாக வேலை செய்வார். அவர் படங்களில் நிறம் பனிக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் 2014இல் அவருடைய ஓவியங்களைத் திரட்டிப் பெரிய கண்காட்சி வைத்தது. ராத்கோவைவிட இவர் எனக்கு ஒரு படி நெருக்கம். ஆனால் நல்ல பிரிண்ட் கிடைப்பது கடினம்.

உருவமில்லாத படத்துக்கு நம் ஊரில் இடம் ஏது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கீழக்கரையில் என் நண்பர் வீட்டில் மனித உருவமோ விலங்கு உருவமோ சுவரில் மாட்டுவதில்லை. கூடத்தில் அரபு எழுத்தோவியம் ஒன்று இருக்கும். என் வீட்டுக்கு வந்து இந்தப் படத்தைப் பார்த்தவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பேசாமல் வெகுநேரம் பார்த்துவிட்டு, இதுபோல ஒன்று எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். இப்போது அவர் வீட்டு மாடியறையில் ஒரு பச்சை வண்ணவெளி இருக்கிறது.

பிரிண்ட் எதைத் தரும், எதைத் தராது

இதில் ஒளிக்க எதுவும் இல்லை. 'துருவும் நீலமும்' மூலப்படம் சுமார் ஒன்பதரை அடி உயரம், ஏழரை அடிக்குச் சற்று மேல் அகலம். என்னிடம் இருப்பது இரண்டரை அடி உயரம், இரண்டு அடி அகலம். பரப்பளவில் மூலத்தில் 15இல் ஒரு பங்குதான் வரும். தன் பெரிய படங்களை 18 அங்குலத் தூரத்தில் நின்று பார்க்கலாம் என்று ராத்கோ சொன்னதாகச் சொல்வார்கள். என் பிரிண்ட் அதே அளவு கண்ணை நிறைக்க வேண்டுமானால் 5 அங்குலத்தில் மூக்கை வைக்க வேண்டும். அங்கே தெரிவது மைப்புள்ளிதான். பூச்சுகளின் அடுக்கும் பிரிண்டில் வராது.

பிறகு ஏன் மாட்டுகிறேன்? அருங்காட்சியகத்தில் மூலப்படத்தைப் பத்து நிமிடம் பார்க்கலாம். வீட்டிலிருக்கும் படத்தை ஆயிரம் மாலைகள் பார்க்கலாம். வெளிச்சம் மாற மாற நிறங்கள் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்பது பிரிண்டிலும் நடக்கும். அளவிலும் பூச்சிலும் இழந்ததை, மாட்டும் இடத்தாலும் வெளிச்சத்தாலும் கொஞ்சமாவது மீட்கலாம். அதனால்தான் சாதாரணப் படத்தைவிட இதை மாட்டுவதில் அதிகக் கவனம் வேண்டும் என்கிறேன்.

வாங்கும்போது மையைக் கேளுங்கள். இங்க்ஜெட் பிரிண்டில் இரண்டு வகை மை உண்டு: சாய மை (டை), நிறமி மை (பிக்மென்ட்). சாய மை கடையில் பளபளவென்று இருக்கும், வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். நிறமி மை நீண்ட காலம் நிற்கும். காகிதம் அமிலமில்லாததாக, பளபளப்பில்லாத மேட் வகையாக இருக்கட்டும். ஃபிளெக்ஸில் அடித்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கல்யாண பேனருக்கு அது சரி. வண்ணவெளிக்கு உதவாது, அதன் மினுமினுப்பு நிறத்தைத் தட்டையாக்கிவிடும்.

கோப்பிலிருந்து அடிப்பதானால், இரண்டடிக்கு இரண்டரை அடி அளவில் அங்குலத்துக்கு 150 புள்ளி என்று வைத்தாலே 3600க்கு 4500 புள்ளிகள் வேண்டும். வண்ணவெளியில் கூர்மை குறைந்தால் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஒரு நிறம் இன்னொன்றாகக் கரையும் இடத்தில் படிக்கட்டு போலக் கோடுகள் விழுந்தால் படமே போய்விடும். சிறிதாக ஒரு பகுதியை மட்டும் அடித்துத் தரச் சொல்லி, வாசல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு முழுப்படத்தை அடிக்கச் சொல்லுங்கள். பிளவுஸ் துணிக்குச் செய்வதையே இதற்கும் செய்கிறோம்.

இணையத்தில் கிடைத்த படத்தை இறக்கி அடித்துக்கொள்வது சரியில்லை. நம் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் வரை உரிமை இருக்கிறது. ராத்கோ இறந்தது 1970, காய்தொண்டே 2001. அருங்காட்சியகங்கள் அனுமதியோடு விற்கும் பிரிண்டுகள் உண்டு. கொஞ்சம் காத்திருந்து அதை வாங்குங்கள். அல்லது நம் ஊர் இளம் ஓவியர்களிடம் சிறிய மூலப்படமாகவே வாங்கலாம்.

இல்லையென்றால் நீங்களே செய்து பாருங்கள். ஹெலன் ஃபிராங்கன்தாலர் என்ற அமெரிக்க ஓவியர் 1952இல், 23 வயதில், கடலோர மலைப்பகுதி ஒன்றுக்குப் போய்வந்த நினைவில், பூச்சு எதுவும் போடாத துணியைத் தரையில் விரித்து, நீர்த்த எண்ணெய்ச் சாயத்தை அதில் ஊற்றி ஊறவிட்டார். மறு ஆண்டு அந்தப் படத்தைப் பார்க்க வந்த ஓவியர்கள் மோரிஸ் லூயிஸும் கென்னத் நோலண்டும் தங்கள் வழியையே மாற்றிக்கொண்டார்கள். நமக்குக் காடாத் துணி மலிவாகக் கிடைக்கிறது. துவைத்துக் கஞ்சியைப் போக்கி, காயவைத்து, கீழே பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் கலந்த அக்ரிலிக் சாயத்தை ஊற்றிப் பாருங்கள். அவர் செய்ததுபோல எண்ணெய்ச் சாயம் வேண்டாம், அது துணியை நாளடைவில் அரித்துவிடும். சாயம் நூலுக்குள் இறங்கிப் பரவும் விதத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், இந்த ஓவியங்களை அதற்குப் பிறகு வேறு கண்ணோடுதான் பார்ப்பீர்கள்.

வெயில், உப்பு, ஈரம்

இப்போது இருக்கும் பிரிண்டுக்கு முன் ஒன்று இருந்தது. அது ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. பிரேம் போடும் கடையில் கொடுத்தேன். சாமி படத்துக்குப் போடுவதுபோலவே கண்ணாடியைக் காகிதத்தின்மேல் நேராக வைத்து, பின்னால் ஹார்டுபோர்டு அடித்துக் கொடுத்தார்கள். வடக்குச் சன்னலுக்கு எதிரே மாட்டினேன். வடக்கே வெயில் வராது என்று நினைத்தேன். ஆனி, ஆடி முடிவதற்குள் சன்னல் வெளிச்சம் விழுந்த பக்கம் சிவப்பு வெளுத்துவிட்டது. ஐப்பசி மழையில் காகிதம் ஈரம் குடித்து அலைஅலையாக எழும்பி, கீழ்மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது மை கண்ணாடியோடு வந்துவிட்டது. மனதுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

வடக்குச் சன்னல் விஷயத்தை விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டு அலங்காரக் குறிப்புகளில் 'வடக்கு பாதுகாப்பானது' என்று படித்துவிட்டுத்தான் நான் ஏமாந்தேன். நம் கடற்கரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9 பாகையில்தான் இருக்கிறது. சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடுவரை உச்சிவெயில் நமக்கு வடக்கே சாய்ந்து விழுகிறது. அந்த மாதங்களில் காலையும் மாலையும் வடக்குச் சன்னல் வழியாக வெயில் உள்ளே வரும். தெற்குச் சன்னலுக்கு மார்கழி, தையில் வரும். எனவே திசையை நம்பாமல், சன்னல்களைப் பார்க்காத உட்சுவராகத் தேர்ந்தெடுங்கள். கடலுக்கு அருகில் இருக்கும் வீடுகளில் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்துகொள்ளும்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த விபத்தில்லை. ராத்கோவுக்கே நடந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் ஓர் உணவுக்கூடத்துக்காக அவரை வரையச் சொல்லி, ஐந்து பெரிய ஓவியங்களை 1964இல் மாட்டியது. பெரிய கண்ணாடிச் சன்னல்கள் உள்ள கூடம். அவர் பயன்படுத்திய லித்தால் சிவப்பு என்ற நிறமி வெளிச்சத்தைத் தாங்காதது. செங்கருநீலமாக இருந்த படங்கள் வெளுத்து வேறு நிறமாகிவிட்டன. 1979இல் கழற்றிக் கிடங்கில் வைத்தார்கள். மேலே சாயம் பூசித் திருத்தினால் அது ராத்கோவின் படமாக இருக்காது. அதனால் 2014இல் ஒரு புது வழி செய்தார்கள்: எந்த இடத்தில் எவ்வளவு நிறம் போயிருக்கிறதோ அந்த அளவுக்கு நிறவெளிச்சத்தைப் புரொஜெக்டரால் படத்தின்மேல் பாய்ச்சி, பழைய நிறத்தைக் கண்ணுக்குக் காட்டினார்கள். விளக்கை அணைத்தால் வெளுத்த படம் திரும்ப வந்துவிடும். இதைப் படித்த அன்றுதான் வெயிலை நான் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

இரண்டாவது பிரிண்டுக்கு பிரேம் போடும்போது கடைக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். "அண்ணே, கண்ணாடி காகிதத்துல படக்கூடாது" என்று சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. மவுண்ட் போர்டு என்ற அமிலமில்லாத தடித்த அட்டையைச் சுற்றிலும் வைத்ததால் நடுவில் இடைவெளி கிடைத்தது. பின்பலகை ஓரத்தை டேப்பால் மூடினோம். சட்டம் தேக்கு. மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். சட்டம் நம் ஈரத்தில் ஊதிவிடும். கொக்கியும் ஸ்குரூவும் துருப்பிடிக்காத ஸ்டீலில். கம்பிக்குப் பதில் பின்னல் நைலான் கயிறு, அதற்கு மட்டும் எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. பின்னால் நான்கு மூலையிலும் சிறு கார்க் துண்டு ஒட்டினால் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் காற்று போகும். மழைக்காலத்தில் ஊறும் வெளிச்சுவரில் மட்டும் மாட்டவே கூடாது.

கண்ணாடியைப் பற்றி இன்னொரு வார்த்தை. இருண்ட வண்ணவெளிக்கு முன்னால் சாதாரணக் கண்ணாடி வைத்தால் அது நிலைக்கண்ணாடி ஆகிவிடும். எதிர்ச் சன்னலும் உங்கள் முகமும்தான் தெரியும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் மேட் அக்ரிலிக் ஷீட் கிடைத்தால் அதைப் போடுங்கள். அது வெளுப்பதைத் தள்ளிப்போடும்; முழுதாகத் தடுக்காது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மையை வெளுக்க வைக்கும்.

எந்த உயரத்தில், எந்த விளக்கில்

1961இல் லண்டன் ஒயிட்சேப்பல் கண்காட்சிக்கு ராத்கோ குறிப்பு அனுப்பினார். பெரிய படங்களைத் தரைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், முடிந்தால் ஆறு அங்குலத்துக்கு மேல் போகாமல் மாட்டச் சொன்னார். வெளிச்சம் கடுமையாக இருக்கக்கூடாது என்றார். படம் மேலே இருந்து நம்மைப் பார்க்கக்கூடாது, நமக்கு எதிரே நிற்க வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நம் வீடுகளில் படங்களை நிலைக்கு மேலே, தலையை நிமிர்த்திப் பார்க்கும் உயரத்தில் மாட்டுவது வழக்கம். சாமி படத்துக்கும் மூத்தோர் படத்துக்கும் அது மரியாதை. இந்தப் படத்துக்கு அந்த உயரம் பொருந்தாது. நாங்கள் மாலையில் பாய் விரித்துத்தான் உட்காருவோம். அதனால் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்றரை அடியில் வரும்படி மாட்டினேன். நாற்காலியில் உட்கார்பவர்கள் இன்னும் அரையடி ஏற்றலாம். முதலில் சுவரில் ஆணி அடிக்காமல், அதே அளவு செய்தித்தாளை ஒட்டி இரண்டு நாள் பார்த்தால் சரியான உயரம் தானே தெரிந்துவிடும்.

சுவர் நிறமும் படத்தோடு பேசும். செவ்ரல் கண்டதை நினைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முன்னறை முன்பு கிளிப்பச்சையாக இருந்தது. துருப்பட்டை அதில் தேவையில்லாமல் சிவந்து கத்தியது. அந்த ஒரு சுவரை மட்டும் சுண்ணாம்பு வெள்ளையில் கொஞ்சம் பழுப்பு கலந்த நிறத்துக்கு மாற்றினேன். நாள்காட்டியையும் கடிகாரத்தையும் பக்கத்துச் சுவருக்கு அனுப்பினேன். இரண்டு பக்கமும் குறைந்தது படத்தின் அகலமாவது காலியாக இருக்கட்டும்.

விளக்கில்தான் பலர் தவறுகிறார்கள். வீடுகளில் இப்போது இருப்பது பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி. அதன் கீழே துரு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் வெளிறிக் குளிர்ந்துபோகும். படத்துக்குப் பக்கவாட்டில் மஞ்சள் கலந்த வெளிச்சம் தரும் ஒரு 3000 கெல்வின் பல்பு போடுங்கள், பெட்டியில் சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90 அல்லது அதற்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். காகிதத்தில் உள்ள படைப்புகளுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சமே போதும் என்று அருங்காட்சியகங்கள் கணக்கு வைத்திருக்கின்றன. நாம் பழகியதைவிட மங்கல்தான். ராத்கோவும் அதைத்தான் கேட்டார்.

மாட்டியபின் பெரிய வேலை இல்லை. காய்ந்த மெல்லிய தூரிகையால் வாரம் ஒருமுறை தூசி தட்டினால் போதும். நம் பக்கத்துத் தூசியில் உப்பு இருப்பதால் ஈரத்துணி வேண்டாம். சட்டத்துக்குப் பின்னால் பல்லி குடியேறும், எட்டிப் பாருங்கள். மழை நின்று தை பிறந்ததும் ஒரு காய்ந்த நாளில் படத்தைக் கழற்றி, மவுண்ட் போர்டில் கறுப்புப் புள்ளி விழுந்திருக்கிறதா, டேப் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுங்கள்.

போன தையில் நான் கழற்றியபோது அத்தை வந்திருந்தார். படம் தரையில் சுவரோடு சாய்ந்து நின்றது. எதிரே காய் நறுக்கிக்கொண்டிருந்தவர், நான் எடுத்து மாட்டப் போனபோது சொன்னார்: "இருக்கட்டும்ப்பா, சாயங்காலம் மாட்டிக்கலாம்."